சைக்ளோகிராஸ் சீசனோட முதல் வீக்கெண்ட்: கேஎல் பாடாங்ல பழகி, இங்கிலாந்து போயி ரெண்டு ரேஸ் ஓட்டறதுக்கு முழு வழிகாட்டி

கேஎல்ல, அதான் கோலாலம்பூர்ல, சைக்கிள் ஓட்டற நம்மாளுங்க இப்ப நிறைய பேரு ஆயிட்டோம். ஞாயித்துக்கிழமை இருட்டோட கிளம்பி கோம்பாக்ல இருந்து கெந்திங் செம்பா ஏறி இறங்கி, மாமாக் கடையில ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்டு பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடுவோம். ரேஸ்ன்னா நமக்குத் தெரிஞ்சது 1996ல இருந்து நடக்கற லங்காவி டூர், இல்லன்னா 2017ல கெய்ரின்ங்கற டிராக் ரேஸ்ல உலக சாம்பியன் ஆன நம்ம அசிசுல்ஹஸ்னி. சைக்ளோகிராஸ்ன்னு சொன்னா பாதி பேருக்கு என்னன்னே தெரியாது, மீதி பேரு யூடியூப்ல சேறு பூசிக்கிட்டு ஓடற பெல்ஜியம்காரங்கள பாத்திருப்பாங்க.

சுருக்கமா சொல்லிடறேன். ரோட் பைக் மாதிரியே வளைஞ்ச ஹேண்டல்பார், ஆனா பட்டன் மாதிரி மேடு மேடா ரப்பர் வச்ச டயர். புல்லு, சேறு, மணல், படிக்கட்டு எல்லாம் கலந்த ஒரு சுத்துல திரும்பத் திரும்ப ஓட்டணும், பெரிய ரேஸ்ல ஒரு சுத்து 2.5ல இருந்து 3.5 கிலோமீட்டர். ஓட்ட முடியாத எடத்துல எறங்கி பைக்க தூக்கிக்கிட்டு ஓடணும். 1950ல பாரிஸ்ல நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்ப ஜெயிச்சவரு ஜான் ரோபிக், அதுக்கு மூணு வருஷம் முன்னாடி டூர் டி பிரான்ஸையும் ஜெயிச்சவரு. அவ்ளோ பழைய வெளையாட்டு இது, நம்ம ஊருக்குத்தான் இன்னும் வந்து சேரல.

போன செப்டம்பர்ல இங்கிலாந்துல, லீட்ஸ்ல இருக்கற அக்கா வீட்டுக்குப் போனப்போ சீசனோட முதல் வீக்கெண்ட், சனி ஒரு ரேஸ் ஞாயிறு ஒரு ரேஸ், ரெண்டும் லோக்கல் லீக் ரேஸ், ஓட்டிட்டு வந்தேன். கேஎல்ல எட்டு வாரம் தயார் பண்ணினேன். அதுல எது ஒதவுச்சி எது வீணா போச்சின்னு இப்ப தெளிவா தெரியுது, அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதறேன். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன்: கால் பலத்த வச்சி மட்டும் இந்த ரேஸ் ஓட்ட முடியாது. எறங்கறது, ஏறறது, டயர்ல எவ்ளோ காத்து, முதல் ரெண்டு நிமிஷம் எப்படி ஓட்டறது, இந்த மாதிரி சின்னச் சின்ன வேலைதான் முதல் வீக்கெண்ட்ல எடத்த மாத்துது, இதுல ஒண்ணுக்குக் கூட குளிரோ பனியோ தேவையில்ல, வீட்டுப் பக்கத்து பாடாங்லயே, அதான் புல்லுத் திடல்லயே, கத்துக்கலாம்.

பேரு குடுக்கறது, பேப்பர் வேலை

இங்கிலாந்துல லீக் ரேஸ் எல்லாம் செப்டம்பர் ஆரம்பத்துல தொடங்கும், ஜனவரி வரைக்கும் போகும், உலக சாம்பியன்ஷிப் ஜனவரி கடைசியில இல்லன்னா பிப்ரவரி தொடக்கத்துல. அந்த ஊரு சைக்கிள் சங்கமான பிரிட்டிஷ் சைக்ளிங் வெப்சைட்ல காலண்டர் இருக்கு, அதுல பாத்து சொந்தக்காரங்க வீட்டுக்குப் பக்கமா சனியும் ஞாயிறும் ரேஸ் வர்ற வாரத்த தேர்ந்தெடுங்க. எண்ட்ரி ரேஸுக்கு சில நாள் முன்னாடியே மூடிடும், அங்க போயி பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. மெம்பர் இல்லாத வெளிநாட்டுக்காரன் ஒரு நாள் லைசென்ஸ் வாங்கி ஓட்டலாமான்னு ஆர்கனைசருக்கு மெயில் போட்டு கேட்டு, பதில வாங்கி வச்சிக்குங்க, அப்புறம்தான் டிக்கெட்.

வயசு விஷயம் ஒண்ணு இருக்கு, நிறைய பேருக்கு தெரியாது. இந்த சீசன் ரெண்டு வருஷத்துல பரவி நிக்கறதால, சீசன் முடியற வருஷத்த வச்சித்தான் வயசு கணக்கு. செப்டம்பர்ல உங்களுக்கு 39தான் ஆகுது, அடுத்த வருஷம் 40ன்னா நீங்க இப்பவே வெட்டரன் பிரிவு. சீனியர் ரேஸ் ஒரு மணி நேரம் போகும், வெட்டரனுக்கும் பொம்பளைங்களுக்கும் லீக்க பொறுத்து 40ல இருந்து 50 நிமிஷம், முதல் தடவைக்கு அந்த பத்து இருவது நிமிஷ வித்தியாசம் பெரிய விஷயம்.

இன்னொண்ணு, மலேசிய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாம்தான், ஆனா 2025 ஜனவரி 8ல இருந்து இடிஏங்கற ஆன்லைன் பயண அனுமதி எடுக்கணும். ஃபோன்லயே எடுக்கலாம், கடைசி நாள் வரைக்கும் விடாதீங்க.

பைக்

இதுக்கு ரொம்ப நேரம் செலவு பண்ண வேணாம். சைக்ளோகிராஸ் பைக்தான் வேணும்னு இல்ல, கிராவல் பைக் போதும், பல லோக்கல் லீக்ல மவுண்டன் பைக்கும் விடுவாங்க, ஹேண்டல்ல கொம்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கறத மட்டும் கழட்டிடணும். டயர் 33 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுங்கறது யுசிஐ (உலக சைக்கிள் சங்கம்) ரேஸுக்கு உள்ள ரூல், சின்ன லீக்ல பெரும்பாலும் அத பாக்க மாட்டாங்க, இருந்தாலும் மெயில் போடும்போது அதையும் சேத்து கேட்டுடுங்க. பெடல் மவுண்டன் பைக் பெடல், ரெண்டு ஸ்க்ரூ கிளீட் (ஷூவ பெடலோட மாட்டற கொக்கி), அடியில ரப்பர் பல்லு வச்ச ஷூ. ரோட் ஷூவோட வந்தா புல்லுல ஒரு அடி ஓட முடியாது. பாட்டில் வைக்கற கூண்டு ரெண்டையும் கழட்டிடுங்க, பைக்க தோள்ல போடும்போது அது விலாவுல குத்தும், நாப்பது நிமிஷ ரேஸ்ல தண்ணி குடிக்க கையும் இருக்காது.

ரெண்டாவது பைக் பத்தி கேப்பாங்க. பெரிய ரேஸ்ல பைக் மாத்தற எடமான பிட்ல ஒரு பைக் கழுவி ரெடியா நிக்கும், சேறு பிடிச்ச பைக்க குடுத்துட்டு அத எடுத்துக்கிட்டு போவாங்க. செப்டம்பர்ல தரை காஞ்சிருக்கும், நமக்கு ஒண்ணே போதும்.

பாடாங்ல எட்டு வாரம்

இதுதான் முக்கியமான பகுதி, பொறுமையா படிங்க.

செந்தூல் பக்கம் எங்க தாமான்ல (குடியிருப்புல) ஒரு பாடாங் இருக்கு, சாயங்காலம் ஃபுட்பால் வெளையாடுவாங்க, காலையில ஆறரைக்கு யாரும் இருக்க மாட்டாங்க. ஹார்ட்வேர் கடையில பிவிசி பைப்பும் மூலைக்குப் போடற மூட்டும் வாங்கி ரெண்டு பலகை தடுப்பு மாதிரி செஞ்சேன். உயரம் 40 சென்டிமீட்டர், ரெண்டுக்கும் நடுவுல 4 மீட்டர், அதான் ரேஸ்ல இருக்கற அளவு. மேல போற குறுக்கு பைப்ப மட்டும் பசை போட்டு ஒட்டாதீங்க, சும்மா வச்சிருங்க, கால் பட்டா அது விழணும், நீங்க விழக்கூடாது.

ஆனா முதல் ரெண்டு வாரம் தடுப்ப வெளியவே எடுக்காதீங்க. வெறும் புல்லுல நடக்கற வேகத்துல எறங்கப் பழகுங்க. எப்பவும் இடது பக்கமாத்தான் எறங்கணும், செயின் வலது பக்கம் இருக்கறதால. வலது காலு கிளீட்ட விடுவிச்சி சீட்டுக்குப் பின்னாடியா தூக்கிப் போட்டு இடது பக்கம் கொண்டு வாங்க, இப்ப நீங்க இடது பெடல் மேல ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு உருண்டு போறீங்க. இடது கை பிரேக் பிடியிலயே இருக்கட்டும், வலது கைய டாப் டியூப் (ஃபிரேமோட மேல் குழாய்) மேல வச்சி உடம்பு கனத்த அதுல குடுங்க. இந்த நேரத்துல இடது கிளீட்ட திருப்பி விடுவிச்சிடணும், ஆனா காலு பெடல் மேலயே இருக்கும். அப்புறம் வலது கால தரையில வச்சி ஓட ஆரம்பிக்கணும், இடது காலு தானா வந்துடும்.

படிக்கறப்போ ரொம்ப வேலை மாதிரி தெரியும், செய்யறப்போ ஒண்ணரை செகண்டு. பயம் எல்லாம் அந்த இடது கிளீட்லதான். அது மாட்டிக்கிச்சின்னா பைக்கோட சேந்து நீங்களும் சாய்ஞ்சிடுவீங்க, எனக்கு ரெண்டாவது நாளே அப்படி ஆகி முட்டி தேஞ்சி போச்சி. அதுக்கு வழி இருக்கு, பெடல் பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், மூணு மில்லி ஆலன் கீ போட்டு ஸ்ப்ரிங்க நல்லா லூஸ் பண்ணி வச்சிக்குங்க, பழகினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணலாம்.

ஏறறது எறங்கறத விட கஷ்டம். எல்லாரும் செய்யற தப்பு, சீட்டு மேல குதிக்கறது. குதிக்கக்கூடாது. ஓடிக்கிட்டே ரெண்டு கையையும் ஹேண்டல்ல வச்சி, இடது காலால தரைய தள்ளி, வலது தொடையோட உள்பக்கத்த சீட்டு மேல வச்சி சறுக்கணும், தொடை முதல்ல, அப்புறம்தான் உக்காறது. ஏறறதுக்கு முன்னாடி ஒரு சின்ன தத்தல் அடி வச்சிட்டு ஏறுவீங்க, எல்லாருக்கும் வரும், அந்த தத்தல் போகற வரைக்கும் வேகத்த கூட்டாதீங்க. முதல் வாரம் என் தொடையில உள்ளங்கை அகலத்துக்கு கன்னிப்போயிருந்துச்சி, நல்லெண்ணெய் தேச்சிக்கிட்டு படுத்தேன், மூணாவது வாரம் ஒண்ணும் இல்ல. ஒரு காலைக்கு முப்பது தடவ எறங்கி ஏறினேன், நாப்பத்தஞ்சி நிமிஷத்துக்கு மேல போகல. களைச்சிப்போயி பழகினா தப்பத்தான் பழகுவோம்.

மூணாவது வாரம் தடுப்ப வைங்க. ரெண்டு பலகைக்கு பைக்க தோள்ல போட வேணாம், டாப் டியூப்ப வலது கையால பிடிச்சி சூட்கேஸ் தூக்கற மாதிரி தூக்கினா போதும். படிக்கட்டு, செங்குத்தான மேடுன்னு நீளமா ஓட வேண்டிய எடத்துல மட்டும் தோள்ல போடுங்க: வலது கையால டவுன் டியூப்ப (கீழ்க் குழாய) பிடிச்சி தூக்கி, டாப் டியூப்ப தோள் மேல வச்சி, கைய ஃபிரேமுக்கு அடியில விட்டு ஹேண்டலோட இடது வளைவ பிடிச்சிக்கணும், அப்ப பைக் ஆடாது. இதுக்கு மாடிப்படி வேணும். பத்துமலை 272 படியில பழகலாமான்னு எங்க கூட ஓட்டற ஒரு தம்பி கேட்டான். அது கோயில் படி, வேண்டுதலோட காவடி தூக்கறவங்க ஏறற எடம், அங்க சைக்கிள தூக்கிக்கிட்டு ஓடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். ஃப்ளாட் மாடிப்படி இருக்கு, அஞ்சு மாடி நாலு தடவ ஏறினா போதும்.

மேத்தியு வான் டெர் பூல் அந்தப் பலகைய பைக்கோட அப்படியே தாண்டிப் போவாரு, 2025ல ஏழாவது தடவ உலக சாம்பியன் ஆனாரு, பெல்ஜியத்தோட எரிக் டி வ்லாமிங்க் 1973லயே அந்த ஏழு பட்டத்த ஜெயிச்சி முடிச்சிருந்தாரு. வான் டெர் பூல் வீடியோ பாத்துட்டு அதே மாதிரி தாண்டப் பாக்காதீங்க. முதல் சீசன்ல ஓடுங்க, ஓடறது ஒரு செகண்டுதான் மெதுவு, விழுந்தா ரேஸே முடிஞ்சிரும்.

வேரு, சேறு, சரிவு எல்லாத்துக்கும் கேஎல்லயே புக்கிட் கியாரா காட்டுப் பாதை இருக்கு. ஆனா பெரிய மழை விட்ட உடனே ட்ரைல்ல எறங்காதீங்க, அந்த செம்மண்ணுல டயர் போன தடம் பள்ளமாகி அடுத்த மழையில வாய்க்காலா ஓடும், கை வலிக்க மண்வெட்டி பிடிச்சி அந்தப் பாதைய போட்டவங்களுக்கு நாம செய்யற மரியாதை, அப்ப எறங்காம இருக்கறதுதான். சேறு வேணும்னா பாடாங் ஓரத்துல தண்ணி தேங்கற எடமே போதும். சாயங்காலம் பழகறவங்க ஒண்ணு கவனிங்க, இடி சத்தம் கேட்டதும் பாடாங்க விட்டு வெளிய வந்துடுங்க, திறந்த வெளியில இரும்ப பிடிச்சிக்கிட்டு நிக்கற நேரம் இல்ல அது.

வாரத்துல மீதி நாளு இப்படி வச்சேன்: வியாழக்கிழமை மூணு நிமிஷம் முழு மூச்சு, மூணு நிமிஷம் மெதுவா, ஆறு தடவ. சனிக்கிழமை பாடாங்லயே சுத்து போட்டு முப்பது நிமிஷம் ரேஸ் மாதிரி, தடுப்போட. ஞாயித்துக்கிழமை வழக்கமான கெந்திங் செம்பாவ விட மனசு வரல, அத வச்சிக்கிட்டேன், ஆனா உண்மைய சொல்லணும்னா அந்த நீளமான ரைடு இந்த ரேஸுக்கு பெருசா ஒதவல. இங்க ரெண்டு நிமிஷத்துல நெஞ்சு தொண்டைக்கு வந்துடும், கடைசி வரைக்கும் அங்கயேதான் இருக்கும், ஒவ்வொரு வளைவுக்கு அப்புறமும் நின்ன எடத்துல இருந்து திரும்ப வேகம் எடுக்கணும். உடம்புக்கு அதத்தான் பழக்கணும்.

டயர்ல காத்து

ரோட்ல 80 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) வச்சி பழகின கைக்கு இது நம்பவே முடியாது. ட்யூப்லெஸ் டயர்ல, அதான் ட்யூப் இல்லாம ஓட்டைய அடைக்கற திரவம் ஊத்தின டயர்ல, 30க்கும் கீழ போகணும். காத்து கம்மியா இருந்தா டயர் தரையோட மேடு பள்ளத்துக்கு வளைஞ்சி குடுக்கும், சரிவுல வழுக்காம பிடிக்கும். கூடுதலா இருந்தா பந்து மாதிரி துள்ளும், துள்ளற ஒவ்வொரு தடவையும் நீங்க மிதிக்கற சக்தி காத்துல போவுது.

எவ்ளோங்கறது உங்க எடைய பொறுத்தது. நான் 72 கிலோ, காஞ்ச புல்லுக்கு முன்னாடி 26, பின்னாடி 28ல வந்து நின்னேன். கண்டுபிடிக்கற வழி சுலபம்: 32ல ஆரம்பிச்சி பாடாங்ல வேரு இருக்கற எடமா பாத்து ஓட்டுங்க, ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு ரெண்டா எறக்குங்க, ரிம் தரைய லேசா 'டொக்'குன்னு தொடற சத்தம் ஒரு சுத்துக்கு ஒண்ணு வந்துச்சின்னா அங்க நிறுத்தி ஒண்ணு ஏத்துங்க. அதுக்கும் கீழ போனா வளைவுல டயர் ஓரம் ரிம்ம விட்டு விலகி காத்து புஸ்ஸுன்னு போயிடும். உள்ள ட்யூப் போட்டிருக்கறவங்க இவ்ளோ எறக்க முடியாது, 35க்கு கீழ போனா ட்யூப் கடிபட்டு பஞ்சர் ஆகும்.

ஃப்ளோர் பம்ப் முள்ளு 30க்கு கீழ சரியா காட்டாது, சின்ன டிஜிட்டல் கேஜ் ஒண்ணு தனியா வாங்குங்க. இந்த லிஸ்ட்ல நான் காசு போட்டதுலயே அதிகமா பயன்பட்டது அதுதான். கேஎல்லயும் அதே கேஜ், லீட்ஸ்லயும் அதே கேஜ், அப்பத்தான் நம்பருக்கு அர்த்தம்.

பெட்டி கட்டறது

ஏர்லைன் பேக்கேஜ் எடை 23 கிலோவா 30 கிலோவான்னு பாத்துக்குங்க. பின்னாடி டீரெயிலர (கியர் மாத்தற பாகம்) கழட்டி பபிள் ரேப்ல சுத்தி செயின்ஸ்டேக்கு (பின் வீலுக்குப் போற ஃபிரேம் குழாய்) உள்பக்கமா கட்டுங்க, அடிபட்டு வளையறது பெரும்பாலும் அதுதான். டிஸ்க் ரெண்டையும் வீல்ல இருந்து கழட்டி அட்டைக்கு நடுவுல வைங்க. ஹைட்ராலிக் பிரேக்ன்னா பேட் நடுவுல பிளாஸ்டிக் துண்டு செருகணும், இல்லன்னா வழியில பிரேக் பிடி அமுங்கிடுச்சின்னா பேட் ரெண்டும் ஒட்டிக்கிட்டு அங்க போயி முழிப்பீங்க. காத்தடிக்கற சிஓ2 சிலிண்டர கொண்டு போக வேணாம், பம்ப் போதும். டயர்லயும் ஷூலயும் நம்ம ஊரு செம்மண் ஒரு துளி இல்லாம பல் தேய்க்கற பிரஷ் வச்சி கழுவிடுங்க.

புதன்கிழமை அங்க எறங்கற மாதிரி டிக்கெட் போட்டேன், அது சரியா இருந்துச்சி. செப்டம்பர்ல நேர வித்தியாசம் ஏழு மணி. காலையில நாலு மணிக்கே முழிப்பு வரும், பரவால்ல, ஏன்னா மத்தியானம் பன்னண்டு மணி ரேஸ் நம்ம உடம்புக்கு ராத்திரி ஏழு மணி, வேலை முடிஞ்சி ஓட்டற நேரம், உடம்பு முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கும். வியாழன் வெள்ளி ஒரு மணி நேரம் மெதுவா ஓட்டுங்க, அங்கத்து புல்லு நம்ம பாடாங் புல்லு மாதிரி தடிப்பா இருக்காது, மெல்லிசா வழுக்கும், காலையில பனி ஈரம் வேற.

நான் ஏமாந்தது துணி விஷயத்துல. சைக்ளோகிராஸ்ன்னா குளிருன்னு நெனச்சி தடிமனான முழுக்கை ஜெர்சி, கிளவுஸ், சேத்துக்குன்னு பெரிய பட்டன் டயர் எல்லாம் வாங்கி மூட்டை கட்டிக்கிட்டு போனேன். முதல் வீக்கெண்ட்ல வெயில் அடிச்சி தரை சிமெண்ட் மாதிரி கெடந்துச்சி. சேறு அக்டோபர் நவம்பர்லதான் வரும். செப்டம்பருக்கு சின்ன பட்டன் டயரும் நீங்க கேஎல்ல போடற அதே மெல்லிசு ஜெர்சியும் போதும், வார்ம்அப் வரைக்கும் மேல ஒரு ஜாக்கெட்.

சனிக்கிழமை

காலையில அக்கா அஞ்சு இட்லியும் காரம் கம்மியா சாம்பாரும் வச்சிருந்தா, ரேஸுக்கு மூணு மணி நேரம் முன்னாடி சாப்டேன். இட்லி மாதிரி வயித்துக்கு லேசான சாப்பாடு வேற இல்ல, நாசி லெமாக் ஆசைய ராத்திரிக்கு வச்சிக்குங்க, அதுல இருக்கற சந்தான் (தேங்காய்ப்பால்) வயித்துல நிக்கும்.

ரெண்டு மணி நேரம் முன்னாடியே போயி பேரு பதிஞ்சி நம்பர் வாங்குங்க. ஊக்கு நீங்களே கொண்டு போங்க. நம்பர நாலு மூலையும் குத்தணும், தோள்ல பைக் போடற எடத்துல வராம கொஞ்சம் இடது பக்கமா தள்ளி.

ரேஸ் நடக்கும்போது பாதையில எறங்கக்கூடாது, ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் விடுவாங்க, அதுல ரெண்டு சுத்து போயிடுங்க. முதல் சுத்து ரொம்ப மெதுவா, வளைவு ஒண்ணொண்ணுலயும் நின்னு பாருங்க. ரெண்டாவது சுத்து முக்கால் வேகத்துல. புல்லு தேஞ்சி மண்ணு பளபளன்னு தெரியற எடம்தான் எல்லாரும் போற கோடு, ஆனா அதுதான் நல்ல கோடுன்னு இல்ல. ஒரு சரிவு இருந்துச்சி, குறுக்கா போகணும், வலது பக்கம் மேடு, இடது பக்கம் பள்ளம், எல்லாரும் நடுவுல போயி போயி அங்க மண்ணு மெழுகுன மாதிரி ஆயிருச்சி. என் மச்சான் கயித்துக்கு வெளிய நின்னு ரெண்டு ரேஸ் பாத்துட்டு, "தம்பி, மேல இருக்கற புல்லு வழியா போறவன் எவனும் விழல"ன்னு சொன்னாரு. சைக்கிளே ஓட்டாத மனுஷன், ஆனா உக்காந்து பாத்தவரு. கூட வர்ற ஆள இப்படி பயன்படுத்துங்க.

புதுசா வர்றவங்கள கடைசி வரிசையில நிறுத்துவாங்க, முந்தின ரேஸ்ல எடுத்த புள்ளி இருக்கறவங்க முன்னாடி. நான் என்ன செஞ்சேன்னா, விசில் அடிச்சதும் இருக்கற மூச்சையெல்லாம் போட்டு பத்து பேர தாண்டினேன். முதல் வளைவுல அறுவது பேரும் மூணு மீட்டர் அகல பாதையில ஒண்ணா நின்னாங்க, நான் தாண்டின பத்து பேரும் என் பக்கத்துல வந்து நின்னாங்க. ரெண்டாவது சுத்துல காலு ஈயம் மாதிரி ஆயிடுச்சி, மூணாவது சுத்துல மச்சான் சொன்ன சரிவுல மேல போகாம நடுவுலயே போயி விழுந்தேன், செயின் கழண்டுச்சி, அத மாட்டறதுக்குள்ள எட்டு பேரு போயிட்டாங்க. செயின் கழண்டா பைக்க பாதையோட ஓரத்துக்கு கொண்டு போயிட்டு அப்புறம் கைய வைங்க, பின்னாடி வர்றவங்க முழு வேகத்துல வருவாங்க.

சுத்து கணக்கு இப்படி: முதல் ஆளு ரெண்டு சுத்து முடிச்ச நேரத்த வச்சி மொத்தம் எத்தன சுத்துன்னு முடிவு பண்ணி போர்டுல எத்தன பாக்கின்னு போடுவாங்க, கடைசி சுத்துக்கு மணி அடிப்பாங்க. முதல் ஆளு உங்கள ஒரு சுத்து தாண்டிட்டாருன்னா, அவரு முடிச்சதும் நீங்க அடுத்து கோட்ட தொடறப்போ உங்க ரேஸும் முடிஞ்சது. பின்னாடி இருந்து "லெஃப்ட்", "ரைட்"ன்னு குரல் வந்தா பதறி திரும்பாதீங்க, உங்க கோட்டுலயே நேரா போங்க, தாண்டறது அவங்க வேலை. பெரிய ரேஸ்ல முன்னாடி ஆளோட முதல் சுத்து நேரத்துல 80 சதவீதம் அளவுக்கு பின்தங்கினா வெளிய எடுத்துடுவாங்க, லோக்கல் லீக்ல பெரும்பாலும் அப்படி இல்ல, கடைசி ஆளுக்கும் கை தட்டறாங்க.

பலகை தடுப்புல மட்டும் சொல்றேன், எட்டு வார வேலை அங்க பலிச்சிச்சி. எனக்கு முன்னாடி போனவங்க பிரேக் போட்டு நின்னு எறங்கினாங்க, நான் உருண்டுக்கிட்டே எறங்கி ஓடி ஏறிட்டேன், ஒவ்வொரு சுத்துலயும் ஒருத்தரையாவது அங்க பிடிச்சேன். டாம் பிட்காக் லீட்ஸ்ல பொறந்து 2022ல உலக சாம்பியன் ஆனவரு, அந்தப் பக்கத்துல சின்னப் புள்ளைங்க கூட எட்டு வயசுலயே இப்படி எறங்கி ஏறறாங்க, அவங்கள பாத்தாலே பாதி கத்துக்கலாம்.

சனி ராத்திரி

நிறைய பேரு இங்கதான் கோட்டை விடறாங்க, சனிக்கிழமை ரேஸ் முடிஞ்ச சந்தோஷத்துல உக்காந்துடறாங்க. வீட்டுக்கு வந்ததும் முதல்ல சாப்பாடு, ஒரு மணி நேரத்துக்குள்ள. சோறு, ரசம், ரெண்டு முட்டை, தயிர்.

அப்புறம் பைக். வாளித் தண்ணியும் சோப்பும் பிரஷும் போதும், ஜெட் தண்ணிய ஹப்லயும் (வீல் அச்சு) பிபிலயும் (பெடல் அச்சு) பீச்சாதீங்க, உள்ள இருக்கற கிரீஸ் வெளிய வந்துடும். செயின தொடைச்சி எண்ணெய் விடுங்க. பிரேக் பேட் எவ்ளோ பாக்கி இருக்குன்னு டார்ச் அடிச்சி பாருங்க. டயர சுத்தி சுத்தி விரலால தடவிப் பாருங்க, எனக்கு பின் டயர்ல கருவேல முள்ளு மாதிரி ஒண்ணு குத்தி உள்ள இருந்த திரவம் அத அடைச்சி வச்சிருந்துச்சி, புடுங்காம விட்டு ஒரு அவுன்ஸ் திரவம் சேத்து ஊத்தினேன். கிளீட் ஸ்க்ரூ ரெண்டையும் டைட் பண்ணுங்க, ஓடறதுல லூஸ் ஆகும். கிளீட் இடுக்குல புல்லும் மண்ணும் கெட்டியா அடைச்சிக்கிட்டு இருக்கும், அக்கா சமையல்கட்டுல இருந்து ஒரு பழைய டீ ஸ்பூன் குடுத்தா, அதோட காம்பால நோண்டினேன், அந்த ஸ்பூன ஞாயிறும் பையில எடுத்துட்டு போனேன்.

கடைசியா ஒரு துண்டு மாஸ்கிங் டேப் எடுத்து மூணு விஷயம் எழுதி டாப் டியூப்ல ஒட்டினேன்: காத்து 26, 28. முதல் சுத்து அடக்கி ஓட்டு. சரிவுல மேல போ.

ஞாயித்துக்கிழமை

காலையில காலு கனமா இருக்கும், பயப்படாதீங்க, சாதாரணம்தான். வார்ம்அப்ப பத்து நிமிஷம் கூட்டிக்குங்க, கேஎல்ல பைக்ல உக்காந்தாலே வேர்வை வரும், அங்க 15 டிகிரியில உடம்பு சூடாக நேரம் எடுக்கும். அரை மணி நேரம் ஓட்டி, நடுவுல ரெண்டு மூணு தடவ முழு வேகம் எடுத்துட்டு, ஜாக்கெட்ட கடைசி நிமிஷத்துல கழட்டுங்க.

திரும்ப கடைசி வரிசைதான். இந்தத் தடவ யாரையும் தாண்டல, முன்னாடி போறவரோட பின் வீல பிடிச்சிக்கிட்டு முதல் வளைவு நெரிசல்ல வெளிப்பக்கமா நின்னேன், உள்பக்கம்தான் எல்லாரும் அடைச்சிக்கிட்டு நின்னாங்க, வெளிய தூரம் கூட ஆனா பாதை காலி. ஒரு மேடு இருந்துச்சி, சனிக்கிழமையா இருந்தா முக்கி முக்கி ஓட்டியிருப்பேன், பைக் நடக்கற வேகத்துக்கு வந்துடுச்சின்னா எறங்கி ஓடிடறதுதான் லாபம், அதுவும் மேட்டுக்கு அடியிலயே வேகம் இருக்கும்போதே எறங்கணும், பாதி ஏறி நின்னுட்டு எறங்கினா ரெண்டும் போச்சி. மூணாவது சுத்துல இருந்து ஆளுங்க ஒண்ணொண்ணா பின்னாடி வர ஆரம்பிச்சாங்க, நான் வேகத்த கூட்டவே இல்ல, அவங்க களைச்சி கிட்ட வந்தாங்க. சனிக்கிழமை கடைசியில இருந்து ஏழாவது, ஞாயிறு அறுவது பேருல நாப்பத்தி மூணாவது. ரெண்டு நாளைக்கு நடுவுல காலு பலமாகல, அந்த டேப்ல இருந்த மூணு வரிதான் மாறுச்சி.

திரும்பி வர்றப்போ பெட்டி கட்டறதுக்கு முன்னாடி டயர், ஷூ, கிளீட் இடுக்கு எல்லாம் மறுபடியும் கழுவிடுங்க, அங்கத்து மண்ணு அங்கயே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு இப்பவும் நாங்க நாலு பேரு பாடாங்ல எறங்கி ஏறிக்கிட்டுத்தான் இருக்கோம், ஒரு தங்கச்சியும் புதுசா சேந்திருக்கு, ரெண்டே வாரத்துல தத்தல் இல்லாம ஏறுது. உங்க தாமான்லயும் ஒரு பாடாங் இருக்கும். பைப் வெட்டும்போது ஒண்ணு, தடுப்போட மொத்த உயரம்தான் 40 சென்டிமீட்டர், மூட்டு கொஞ்சம் உயரம் கூட்டும், அதனால கால் பைப்ப 38ல வெட்டுங்க.